ரிஸ்க் ஆடப் பழகலாம்: எப்போது தாக்குவது, எப்போது நிறுத்துவது

ரிஸ்க் என்பது உலக வரைபடம் வரைந்த போர்டில் படைகளை வைத்து, பகடை உருட்டி நாடு பிடிக்கும் ஆட்டம். அதன் விதிகள் ஒன்றும் கடினமானவை அல்ல. ஒரு தடவை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் போதும், புரிந்துவிடும். ஆனாலும் புதிதாக ஆடுபவர்கள் சீக்கிரமே வெளியேறிவிடுகிறார்கள். விதி தெரியாமல் அல்ல, பகடை நன்றாக விழுகிற வேகத்தில் நிறுத்தத் தெரியாமல். அதனால் விதிகளை வரிசையாகச் சொல்லும்போதே, எந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அல்பேர் லமோரிஸ் என்ற பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் உருவாக்கிய ஆட்டம் இது. 1957இல் பிரான்சிலும், 1959இல் அமெரிக்காவிலும் வெளியானது. இன்று பல பதிப்புகள் இருக்கின்றன. இங்கே நான் எடுத்துக்கொள்வது, உலகம் முழுவதையும் பிடிப்பவர் வெல்லும் பழைய, வழக்கமான ஆட்டத்தை.

படி 1: போர்டை நிரப்புவது

வரைபடத்தில் 42 நாடுகள், 6 கண்டங்கள். மூன்று பேர் ஆடினால் ஆளுக்கு 35 படை, நான்கு பேர் என்றால் 30, ஐந்து பேர் என்றால் 25, ஆறு பேர் என்றால் 20. சிறிய சிப்பாய்க் காய் ஒரு படைக்குச் சமம், குதிரை வீரன் 5, பீரங்கி 10.

பகடையில் பெரிய எண் போட்டவர் முதலில் ஒரு காலி நாட்டில் ஒரு காயை வைப்பார். அப்புறம் அடுத்தவர். 42 நாடுகளும் நிரம்பும்வரை இப்படியே போகும். பிறகு மீதிக் காய்களை ஒவ்வொன்றாக, அவரவர் நாடுகளின் மேலேயே வைக்க வேண்டும்.

எங்கே வைப்பது? இந்தக் கேள்விக்குக் கண்டங்களைப் பார்த்தால் பதில் கிடைக்கும். ஒரு கண்டம் முழுவதும் உங்கள் கையில் இருந்தால், ஒவ்வொரு முறையும் கூடுதல் படை உண்டு: ஆசியாவுக்கு 7, ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் 5, ஆப்பிரிக்காவுக்கு 3, தென் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் 2. ஏழு என்றதும் ஆசியா மேல் ஆசை வரும். ஆனால் அங்கே 12 நாடுகள், எதிரிகள் நுழையக்கூடிய எல்லை நாடுகள் மட்டுமே ஐந்து. ஆஸ்திரேலியாவில் நாடுகள் நான்குதான், வாசல் ஒன்றே ஒன்று: சயாமும் இந்தோனேசியாவும் சந்திக்கிற இடம். கிடைப்பது 2 படைதான் என்றாலும் அது யாரும் பறிக்காமல் முறைக்கு முறை வந்துகொண்டே இருக்கும். முதல் ஆட்டத்துக்கு ஆஸ்திரேலியா அல்லது தென் அமெரிக்கா என்பதுதான் என் தேர்வு.

வரைபடத்தில் கடலைத் தாண்டிப் போகும் கோடுகளை ஆட்டம் தொடங்கும் முன்பே விரலால் தொட்டுப் பார்த்துவிடுங்கள். அலாஸ்காவும் கம்சாட்காவும் போர்டின் இரண்டு ஓரங்களில் இருந்தாலும் பக்கத்து நாடுகள்தான். கிரீன்லாந்து–ஐஸ்லாந்து, பிரேசில்–வட ஆப்பிரிக்கா ஆகியவையும் அப்படித்தான். வட அமெரிக்காவைப் பிடித்துவிட்டு அலாஸ்காவில் ஒற்றைக் காயோடு இருப்பவரை, கம்சாட்காவிலிருந்து வருகிறவர் எளிதாகக் கவிழ்த்துவிடுவார்.

படி 2: முறை வந்ததும் படை வாங்குவது

உங்கள் நாடுகளை எண்ணி மூன்றால் வகுங்கள், மீதியை விட்டுவிடுங்கள். 14 நாடுகள் என்றால் 4 படை. எவ்வளவு குறைவாக இருந்தாலும் 3 படை நிச்சயம். ஆக 9, 10, 11 நாடுகள் வைத்திருப்பவர்களுக்கும் மூன்றுதான் கிடைக்கும். பதினோரு நாடுகளோடு இருந்தால் இன்னொன்றைப் பிடிப்பதில் லாபம் உண்டு. பன்னிரண்டிலிருந்து பதின்மூன்றுக்குப் போவதால் படை கூடாது. நாடு பிடிக்கக் கிளம்பும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கண்டத்துக்கான கூடுதல் படையும் கார்டு கொடுத்து வாங்கும் படையும் இதற்கு மேல்.

படி 3: தாக்குவது

தாக்கும் நாட்டில் குறைந்தது இரண்டு படை இருக்க வேண்டும், ஏனென்றால் ஒன்று எப்போதும் அங்கேயே தங்க வேண்டும். தாக்குபவர் மூன்று பகடைவரை உருட்டலாம், ஆனால் உருட்டும் பகடைகளைவிட ஒரு படையாவது அந்த நாட்டில் அதிகம் இருக்க வேண்டும். தடுப்பவர் இரண்டு பகடைவரை உருட்டலாம். இரண்டு உருட்ட அவரிடம் இரண்டு படையாவது வேண்டும்.

ஒரு சண்டையை முழுதாகப் பார்ப்போம். உங்களுக்கு பிரேசிலில் 5 படை. எதிரிக்கு வட ஆப்பிரிக்காவில் 3. நீங்கள் மூன்று பகடை உருட்ட 6, 4, 2 விழுகிறது. அவருக்கு 5, 4. பெரியதைப் பெரியதோடு ஒப்பிட வேண்டும்: 6க்கு எதிரே 5, அவருக்கு ஒரு படை போச்சு. அடுத்தது 4க்கு எதிரே 4. சமமாக விழுந்தால் தடுப்பவருக்கே வெற்றி, அதனால் உங்களுக்கும் ஒன்று போச்சு. உங்கள் 2க்கு வேலையே இல்லை.

இப்போது பிரேசிலில் 4, வட ஆப்பிரிக்காவில் 2. மறுபடி உருட்டுகிறீர்கள்: உங்களுக்கு 5, 5, 1. அவருக்கு 4, 3. இரண்டும் விழுந்தன, நாடு உங்களுடையது. கடைசியாக எத்தனை பகடை உருட்டினீர்களோ குறைந்தது அத்தனை படையாவது பிடித்த நாட்டுக்குள் போக வேண்டும். மூன்று போகிறது, பிரேசிலில் ஒன்று நிற்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தென் அமெரிக்கா முழுவதும் உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம். பிரேசிலுக்கு வெளியிலிருந்து ஆபத்து வட ஆப்பிரிக்கா வழியாக மட்டும்தான் இருந்தது. இப்போது வட ஆப்பிரிக்காவில் நிற்கும் அந்த மூன்று படையைச் சுற்றி மேற்கு ஐரோப்பா, தெற்கு ஐரோப்பா, எகிப்து, கிழக்கு ஆப்பிரிக்கா, காங்கோ என்று ஐந்து நாடுகள். அங்கே எதிரிகளிடம் பெரிய படை எதுவும் இல்லையென்றால் நல்ல முன்னேற்றம்தான். அவற்றில் ஒரே ஒரு நாட்டில் எட்டுப் பத்துப் படை குவிந்திருந்தாலும் போதும், அந்த நாட்டுக்காரர் இந்த மூன்றை உடைத்துக்கொண்டு ஒற்றைக் காய் நிற்கும் பிரேசிலுக்குள் வந்துவிடுவார், உங்கள் கண்டமும் போய்விடும். ஒரு நாட்டைப் பிடிக்க முடியுமா என்பதைவிட, பிடித்தபின் அங்கே எத்தனை படை நிற்கும் என்பதைத்தான் முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்.

பகடையின் இயல்பையும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றுக்கு இரண்டு என்று உருட்டும்போது, தடுப்பவர் இரண்டையும் இழக்கும் வாய்ப்பு சுமார் 37 சதவீதம், தாக்குபவர் இரண்டை இழப்பது 29, ஆளுக்கு ஒன்று போவது 34. அதாவது தாக்குபவருக்குச் சாதகம், ஆனால் மெல்லிய சாதகம். ஒன்றுக்கு ஒன்று என்றால் தாக்குபவர் வெல்வது 42 சதவீதம்தான். பெரிய படையோடு தாக்கினால் கணக்கு உங்கள் பக்கம் நிற்கும். படை கரைந்து இரண்டு மூன்று என்று வந்தபின்னும் தொடர்ந்தால் கணக்கு எதிரி பக்கம் போய்விடும். நான்குக்குக் கீழே இறங்கியதும் நிறுத்திக்கொள்வது புதியவர்களுக்கு நல்ல வரம்பு.

படி 4: கார்டு

உங்கள் முறையில் ஒரு நாட்டையாவது பிடித்திருந்தால், முறை முடியும்போது ஒரு கார்டு. பத்து நாடு பிடித்தாலும் ஒன்றுதான். எனவே ஒவ்வொரு முறையும் பலவீனமான ஒரு நாட்டைத் தட்டிவிட்டுக் கார்டை வாங்கிக்கொண்டு அடங்கி இருப்பதே தொடக்கத்தில் சிறந்த ஆட்டம்.

கார்டில் சிப்பாய், குதிரை, பீரங்கி என்று மூன்று படங்கள். ஒரே படம் மூன்று, அல்லது மூன்று படமும் வகைக்கு ஒன்று, இதுதான் செட். ஜோக்கர் கார்டு எந்தப் படத்துக்கும் பதிலாக நிற்கும். முதல் செட்டைக் கொடுப்பவருக்கு 4 படை, இரண்டாவதுக்கு 6, பிறகு 8, 10, 12, 15, அதன்பின் ஐந்தைந்தாக ஏறும். யார் கொடுத்தாலும் எண்ணிக்கை பொதுவானது. கொடுக்கும் கார்டில் உள்ள நாடு உங்களிடம் இருந்தால் அந்த நாட்டில் வைக்க 2 படை கூடுதல். ஐந்து கார்டு சேர்ந்துவிட்டால் முறையின் தொடக்கத்தில் கட்டாயம் கொடுத்தாக வேண்டும். எந்த ஐந்தை எடுத்தாலும் அதில் ஒரு செட் இருந்தே தீரும்.

ஆட்டத்தின் பாதிக்கு மேல் எல்லாமே கார்டுதான். ஒருவரின் கடைசி நாட்டைப் பிடித்து அவரை வெளியேற்றினால் அவர் கையில் உள்ள கார்டெல்லாம் உங்களுக்கு. அதோடு உங்கள் கார்டு ஆறு அல்லது அதற்கு மேல் ஆனால், அங்கேயே செட் கொடுத்துப் படை வாங்கித் தாக்குதலைத் தொடரலாம். கையில் உள்ள கார்டு நான்கோ அதற்குக் குறைவாகவோ ஆனதும் செட் கொடுப்பதை நிறுத்த வேண்டும். உங்களிடம் 3, அவரிடம் 3, அடுத்த செட்டின் மதிப்பு 20 என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நிறையக் கார்டும் கொஞ்சம் படையும் வைத்திருப்பவர் மேல்தான் எல்லார் கண்ணும் இருக்கும். அந்த ஆள் நீங்களாக இருக்கக் கூடாது.

படி 5: படையை நகர்த்துவது

தாக்குதல் முடிந்ததும் ஒரே ஒரு தடவை, ஒரு நாட்டிலிருந்து உங்களுடைய பக்கத்து நாட்டுக்கு எத்தனை படை வேண்டுமானாலும் நகர்த்தலாம், ஒன்றை விட்டுவிட்டு. உள்ளே சும்மா நிற்கும் படையை எல்லைக்குக் கொண்டுவர இது போதும்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

*தாக்கியே ஆக வேண்டுமா?* இல்லை. தாக்காமலும் முறையை முடிக்கலாம், கார்டு மட்டும் கிடைக்காது.

*பிடித்த நாட்டிலிருந்து உடனே அடுத்ததைத் தாக்கலாமா?* தாராளமாக. படை இருக்கும்வரை போகலாம்.

*முறையின் நடுவில் ஒரு கண்டம் முழுதாகிவிட்டால் உடனே கூடுதல் படை உண்டா?* கிடையாது. உங்கள் அடுத்த முறை தொடங்கும்போதும் கண்டம் உங்களிடம் இருந்தால்தான்.

*"நீ என்னைத் தாக்காதே, நானும் தாக்கமாட்டேன்" என்று பேசிக்கொள்ளலாமா?* பேசலாம். ஆனால் அந்த வாக்கைக் காப்பாற்றும்படி எந்த விதியும் கட்டாயப்படுத்தாது. அதை நம்பி எல்லையில் ஒற்றைக் காயை விடாதீர்கள்.

*நகர்த்தும்போது நடுவே உள்ள நாடுகளைத் தாண்டிப் போகலாமா?* பழைய விதிப்படி முடியாது. தொடர்ச்சியாக உங்கள் நாடுகள் இருந்தால் எவ்வளவு தூரமும் போகலாம் என்று ஆடுபவர்களும் உண்டு. இதையும், செட்டின் மதிப்பு ஏறுமா நிலையாக இருக்குமா என்பதையும் முதல் காய் வைக்கும் முன்பே எல்லாரும் பேசி முடிவு செய்துவிடுங்கள். ஆட்டம் சூடேறியபின் இந்த இரண்டைப் பற்றித்தான் சண்டை வரும்.