கோடை இரவில் குன்றின்மேல் படுக்க இடம் தேர்ந்தெடுப்பது எப்படி?

சித்திரை மாதத்தில் காரைக்குடிப் பக்கம் மொட்டை மாடியில் படுக்கிறவர்கள், பொழுது சாயும் நேரத்தில் நான்கைந்து வாளித் தண்ணீரைத் தளத்தில் ஊற்றி, கிளம்புகிற ஆவி அடங்கிய பிறகே பாயை விரிப்பார்கள். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவில் அந்தச் சூட்டைத் திருப்பித் தரும் என்பது நம் வீட்டுச் சிறுபிள்ளைகளுக்கும் தெரியும். அப்படியிருந்தும், குன்றின்மேல் ஓர் இரவு தங்கலாம் என்று முதன்முறை கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் காட்சி அழகாக இருக்கிறது என்பதற்காக உச்சியிலுள்ள மொட்டைப் பாறையிலேயே இடம் பிடித்துவிடுகிறார்கள்.

கூடாரம் இல்லாமல், ஒரு விரிப்பையும் உடலை மூடும் நீர்புகாப் பை ஒன்றையும் மட்டும் வைத்துக்கொண்டு திறந்தவெளியில் இரவைக் கழிப்பதை மலையேறுகிறவர்கள் 'பிவி' என்று அழைக்கிறார்கள். இது குளிர்நாட்டு மலைகளில் வளர்ந்த பழக்கம் என்பதால், இதைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி உடலின் வெப்பத்தைக் காப்பாற்றுவதைப் பற்றியே பேசும். செட்டிநாட்டுக் கோடையில் நாம் தேட வேண்டியது அதற்கு நேர்மாறானது. சூட்டை விரைவாக விட்டுவிடும் தரையும், தடையில்லாத காற்றும், இடி வந்தால் உடனே இறங்கக்கூடிய வழியும்தான் நமக்கு வேண்டும்.

படி 1: தங்கக்கூடிய குன்றுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

திருமயம் கோட்டைக் குன்று, நார்த்தாமலையின் விஜயாலய சோழீச்சுரம், சித்தன்னவாசல் ஆகியவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே பகலில் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். இரவில் தங்கும் எண்ணமே கூடாது. பாரியின் பறம்பு என்று சொல்லப்படும் பிரான்மலையில் அடிவாரத்தில் கோயிலும் மேலே தர்காவும் இருக்கின்றன. வழிபாட்டு இடங்கள் உள்ள குன்றுகளில் அங்கே பொறுப்பில் இருப்பவர்களைக் கேட்காமல் தங்குவது முறையாகாது. காப்புக்காடு என்றால் வனத்துறையின் அனுமதி கட்டாயம் வேண்டும். இவை எதிலும் சேராத சிறு குன்றுகள் நம் பக்கம் உண்டு. அவற்றுக்கும் நிலத்துக்குரியவரிடமோ ஊர்ப் பெரியவர்களிடமோ ஒரு வார்த்தை சொல்லி வைப்பது, இரவில் விளக்கொளியைப் பார்த்து ஊரார் பதறாமல் இருக்கவும், நமக்கு ஏதேனும் நேர்ந்தால் தேடி வரவும் உதவும்.

எந்தக் குன்றாக இருந்தாலும் நெருப்பு மூட்டாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. கோடையில் காய்ந்து நிற்கும் புல்லுக்கு ஒரு பொறி போதும். சாப்பாட்டைத் தூக்குவாளியில் கட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர் ஆளுக்கு 4 லிட்டராவது இருக்கட்டும்.

படி 2: மாலை 4 மணிக்கே மேலே இருங்கள்

மே மாதத்தில் நம் பக்கம் சூரியன் ஏறக்குறைய மாலை ஆறரை மணிக்கு மறைகிறது. இடம் பார்க்க வெளிச்சத்தில் இரண்டு மணி நேரமாவது வேண்டும். வந்தவுடன் மூட்டையை அவிழ்க்காமல் குன்றின் மேற்பகுதியை ஒருமுறை சுற்றி வந்து, படுக்கத் தகுந்ததாகத் தோன்றும் மூன்று இடங்களை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் படிகளைக் கொண்டு அந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

படி 3: எந்தத் திசைச் சரிவு என்று பாருங்கள்

இந்தப் படியில்தான் ஓர் இரவின் உறக்கம் பெரும்பாலும் முடிவாகிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மேற்குச் சரிவில் வெயில் விழுவது நண்பகலுக்குப் பிறகு, அதாவது காற்றே கொதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில். கிழக்குச் சரிவு காலையில் வெயிலை வாங்கினாலும், பிற்பகலில் நிழலுக்குள் போய், பொழுது சாய்வதற்குள் பாதிச் சூட்டை விட்டுவிடும். இது பலருக்கும் தெரிந்ததுதான். தெற்கா வடக்கா என்பதில்தான் தவறு நேர்கிறது. செட்டிநாடு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 10 பாகையில் இருப்பதால், சித்திரை பிறந்த ஓரிரு நாளில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக நிற்கிறது. அதன் பிறகு ஆவணி வரை நண்பகலில் அது நமக்கு வடக்கே சாய்ந்தே இருக்கும். ஆகவே கோடையின் உச்சத்தில் நம் குன்றுகளில் வடக்குச் சரிவைவிடத் தெற்குச் சரிவுக்குத்தான் வெயில் சற்றுக் குறைவு. உச்சியில் கிடக்கும் தட்டைப் பாறையோ நாள் முழுவதும் நிழலே காணாது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், உச்சிக்குச் சற்றுக் கீழே, தென்கிழக்கு நோக்கிய தோள்பகுதியே நமக்கு ஏற்றதாக அமைகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் என் நண்பரும் சூரியன் மறைவதைப் படுத்தபடியே பார்க்கலாம் என்று மேற்குச் சரிவில் அகலமான ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்தோம். இரவு 1 மணி வரை முதுகுப்பக்கம் அடுப்புத் திண்டுபோல் சுட்டதால் வேறு வழியின்றி இருட்டில் குன்றின் மறுபக்கத்துக்கு மாறினோம். தூக்கம் போனதுகூடப் பெரிதில்லை. சறுக்கும் சரளைக்கல் நிறைந்த சரிவை இருட்டில் கடந்ததுதான் அன்றைக்கு நாங்கள் செய்த பெரிய பிழை. அதனால்தான் வெளிச்சத்திலேயே முடிவு செய்யுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

படி 4: தரையைக் கையால் சோதியுங்கள்

ஏழு மணியளவில் குறித்து வைத்த இடங்களுக்குப் போய், புறங்கையைத் தரையில் அரை நிமிடம் அழுத்தி வையுங்கள். பெரும்பாறை ஆழம் வரை சூட்டைச் சேர்த்து வைத்திருப்பதால், மேற்பரப்பு ஆறியதுபோல் தோன்றினாலும் உள்ளிருந்து மறுபடி சூடு ஏறும். அரை நிமிடம் பொறுத்தால்தான் அது தெரியும். ஒரு சாண் ஆழத்துக்காவது மண் படிந்த திட்டு பகலில் சுட்டாலும் இருட்டிய பின் சீக்கிரம் ஆறிவிடும். அத்தகைய திட்டு கிடைக்காமல் பாறையிலேயே படுக்க நேர்ந்தால், கோரைப்பாயின் அடியில் யோகப் பயிற்சிக்குப் பயன்படும் தடித்த விரிப்பு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். குளிரைத் தடுக்கும் அதே விரிப்பு சூட்டையும் தடுக்கும்.

படி 5: காற்று வரும் பக்கத்தைத் திறந்து வையுங்கள்

கோடை மாலைகளில் தொண்டிக் கடற்கரைப் பக்கத்திலிருந்து உள்நாடு நோக்கி வரும் கொண்டல் காற்று, தென்கிழக்குத் தோளில் படுத்திருப்பவருக்கு நேராகக் கிடைக்கும். முன்னால் புதரோ பெரிய கல்லோ மறைக்காத இடமாகப் பாருங்கள். காற்று ஓடுகிற இடத்தில் கொசுவும் குறைவு.

நீர்புகாப் பைக்குள் இரவு முழுவதும் நுழைந்து படுக்க நினைக்காதீர்கள். உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடும் துணியால் செய்த பையானாலும், உள்ளுக்கும் வெளிக்கும் வெப்பத்தில் நல்ல வேறுபாடு இருந்தால்தான் அது தன் வேலையைச் செய்யும். நம் புழுக்கத்தில் வியர்வை உள்ளேயே தங்கிவிடும். அதை விரிப்பாகப் பயன்படுத்தி, தூறல் விழுந்தால் மட்டும் மூடிக்கொள்ளுங்கள்.

படி 6: மழையும் இடியும்

பாறைச் சரிவில் மேலிருந்து கீழாக ஓடும் கருங்கோடுகள், மழைநீர் வழிந்து வழிந்து பாசி படிந்த தடங்கள். அவற்றின் கீழேயும், சருகுகள் வரிவரியாக ஒதுங்கிக் கிடக்கும் இடத்திலும், செம்மண்ணை அரித்துக்கொண்டு போகும் ஓடைக்குள்ளும் படுக்கக் கூடாது. வானம் தெளிவாக இருப்பதை வைத்து இதில் விலக்கு அளிக்காதீர்கள். கோடை மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை.

பிற்பகலில் மேகம் கோபுரம்போல் எழுந்து அடி கறுத்து நின்றால் பயணத்தை வேறொரு நாளைக்குத் தள்ளி வையுங்கள். மேலே இருக்கும்போது மின்னல் கண்டால், மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே எத்தனை நொடிகள் என்று எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தொலைவு. 30 நொடிக்குள் ஓசை கேட்டால் உடனே இறங்கி, கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மேலே திரும்பக் கூடாது. தனித்து நிற்கும் பனைமரத்தின் அடியிலும், பாறைக் குடைவின் வாயிலும் ஒதுங்காதீர்கள். மின்னல் பாறை வழியாகப் பாயும்போது அத்தகைய குடைவுக்குள் இருப்பவரையும் தாக்கும்.

ஆகவே, கைவிளக்கின் துணையோடு அரை மணி நேரத்துக்குள் அடிவாரத்தை அடையக்கூடியதாக நீங்கள் படுக்கும் இடம் இருக்க வேண்டும். அந்தப் பாதையை வெளிச்சம் இருக்கும்போதே ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

படி 7: உயிரினங்களுக்கு வழிவிடுங்கள்

கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் உறங்குகிறவர்களை அது கடித்தால் வலி பெரும்பாலும் மிகக் குறைவாக இருப்பதால், கடிபட்டதே தெரியாமல் போகக்கூடும். புற்று, கற்குவியல், புதர் ஆகியவற்றிலிருந்து பத்தடியாவது தள்ளிப் படுத்து, கொசுவலையின் ஓரங்களை விரிப்புக்கு அடியில் சுற்றிலும் செருகிக்கொள்வது நல்ல பாதுகாப்பு. கடித்ததாக ஐயம் எழுந்தாலே, கீறாமலும் இறுகக் கட்டாமலும், கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அலைபேசிச் சமிக்ஞை எங்கே கிடைக்கிறது என்பதையும் இடம் பார்க்கும்போதே கவனித்துக்கொள்ளுங்கள்.

செங்குத்துப் பாறைகளில் அரைநிலா வடிவில் தொங்கும் மலைத்தேனீக் கூடு கண்ணில் பட்டால் அந்தப் பக்கத்தையே விட்டுவிடுங்கள். விளக்கொளிக்கு அவை இரவிலும் கிளம்பி வரும். சுனைக்கு அருகிலும் படுக்க வேண்டாம். கோடையில் அக்கம்பக்கத்து விலங்குகளுக்கெல்லாம் அது ஒன்றே தண்ணீர் என்பதால், 60 மீட்டராவது விலகியிருப்பது அவற்றுக்கு நாம் செய்யும் மரியாதை. எறும்பைப் பற்றி ஒரு குறிப்பு: விரிக்கும் முன் ஒரு துண்டு வெல்லத்தை அந்த இடத்தில் வைத்து, அரை மணி கழித்துப் பாருங்கள்.

படி 8: படுத்துப் பாருங்கள்

இவ்வளவும் தேறிய இடத்தில் விரிப்பைப் போடும் முன் வெறுமனே ஐந்து நிமிடம் மல்லாந்து படுங்கள். தலைப்பக்கம் சற்று உயர்ந்திருக்கிறதா, உடல் சரிவில் நழுவுகிறதா, இடுப்புக்குக் கீழே கல் உறுத்துகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். உறுத்தும் கல்லைக் கையால் எடுக்காமல் குச்சியால் புரட்டுங்கள். அடியில் தேள் இருக்கலாம். புரட்டிய கல்லை எங்கே போட்டோம் என்று நினைவு வைத்திருந்து, விடிந்ததும் அதன் குழியிலேயே திருப்பி வைத்துவிட்டு, பாறை சுடத் தொடங்கும் முன், எட்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள்.