படிப்பு, வேலை, பயிற்சி மூன்றிலும் இல்லாத இளைஞர்கள்: புள்ளிவிவரங்களை ஒப்பிடுவது எப்படி?

பாம்பன் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி மையம் கேட்டு மனு எழுதினோம். அதில் ஒரு பக்கம் வேலையின்மை விகிதம், இன்னொரு பக்கம் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு எண்ணிக்கை என்று கிடைத்ததையெல்லாம் போட்டிருந்தேன். மனுவை வாங்கிய அதிகாரி, "இதெல்லாம் எந்த வயசுக் கணக்கு?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பதில் தெரியவில்லை. அதற்கப்புறம் உட்கார்ந்து கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். படிப்பு, வேலை, பயிற்சி மூன்றிலும் இல்லாதவர் கணக்கின் ஆங்கிலச் சுருக்கமும் 'நீட்' (NEET)தான். வெறுமனே அதைப் போட்டால் மருத்துவ நுழைவுத் தேர்வுதான் வந்து நிற்கும். 'இளைஞர் வேலைவாய்ப்பு' என்றும் சேர்த்துத் தேடுங்கள்.

படி 1: எண்ணை விட்டுவிட்டு, ஆளைப் பிடியுங்கள்

பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில் 19 வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நீர் வற்றும் நாட்களில் அம்மாவோடு கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறாள், எடுத்ததை விற்கிறார்கள். மற்ற நாளெல்லாம் சமையலும் தம்பி தங்கையும்தான். கணக்கெடுக்க வந்தவர் கேட்டால் அம்மா சொல்வது, "வீட்ல சும்மாதான் இருக்கா சார்." அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "போன வாரம் பாசிக்குப் போனீங்களா?" "மூணு நாள் போனோமே!"

மத்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு, அதாவது பி.எல்.எஃப்.எஸ், 2017 முதல் நடக்கிறது. அதில் இவளுக்கு மூன்று பதில்கள் இருக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி என்ன செய்தாள் என்று பார்க்கும் முதன்மை நிலையில் அவள் 'வீட்டு வேலை'. ஆண்டில் 30 நாளாவது ஏதாவது தொழில் செய்தாளா என்று பார்க்கும் துணை நிலையையும் சேர்த்தால், அவள் தொழிலாளி. நடப்பு வார நிலையில், கடந்த 7 நாட்களில் ஒரு நாளாவது ஒரு மணி நேரமாவது வேலை பார்த்திருந்தால் போதும், தொழிலாளிதான். கடலுக்குப் போகாத வாரமாக இருந்தால் அதுவும் இல்லை.

இப்போது விசைப்படகில் கூலிக்குப் போகும் 22 வயதுப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மே மாதத்தில் போய் "போன வாரம் வேலை இருந்ததா?" என்றால் இல்லை என்பான். ஆண்டுக் கணக்கில் கேட்டால் அவன் முழுநேரத் தொழிலாளி. நம் கரையில் காலத்தைப் பார்க்காமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள்.

படி 2: வயதைப் பாருங்கள்

ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்கு 8.6.1 குறியீடு 15-24 வயதை எடுக்கிறது. நம் தேசிய இளைஞர் கொள்கை 2014, 15-29 என்கிறது. பி.எல்.எஃப்.எஸ் அறிக்கைகளும் இளைஞர் என்றால் 15-29தான். 25 வயதுக்கு மேல் பெரும்பாலோர் படிப்பை முடித்திருப்பார்கள், பெண்களில் பலர் கல்யாணமாகி வீட்டில் இருப்பார்கள். ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே கூடாது.

படி 3: எதை எதால் வகுக்கிறார்கள்?

ஒரு தெருவில் 20 பேர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 8 பேர் படிக்கிறார்கள், 6 பேர் வேலை பார்க்கிறார்கள், 2 பேர் வேலை தேடுகிறார்கள், 4 பேர் வீட்டில். வேலையின்மை விகிதத்தில் வேலை பார்ப்பவரும் தேடுபவரும் மட்டும்தான் அடியில் வருவார்கள்: 8-ல் 2, அதாவது 25 சதவீதம். மூன்றிலும் இல்லாதவர் விகிதத்தில் எல்லோரும் வருவார்கள்: 20-ல் 6, 30 சதவீதம். வீட்டில் இருக்கும் நால்வரும் தையல் பயிற்சியில் சேர்ந்தால் இரண்டாவது எண் 10-க்கு இறங்கும். முதலாவது அசையாது. பயிற்சி மையம் கேட்பவர் எந்த எண்ணைக் கையில் எடுக்க வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும். நான் மனுவில் போட்டது முதலாவதை.

படி 4: உயிர்ப்பதிவேட்டைத் தனியே வையுங்கள்

உயிர்ப்பதிவேடு என்பது வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருப்பவர்களின் பட்டியல். அங்கே பதிவது அவரவர் விருப்பம். பிளஸ் டூ முடித்ததும் பதிந்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிறவர் அதில் இருப்பார். தனியார் வேலையில் இருந்துகொண்டே பதிவைப் புதுப்பிப்பவரும் இருப்பார். பாசி எடுக்கும் பெண் இருக்கவே மாட்டாள்.

படி 5: உண்மையான எண் ஒன்றைப் படித்துப் பாருங்கள்

தேசிய மாதிரி ஆய்வின் 78-வது சுற்று (2020-21) இந்திய அளவில் 15-24 வயதில் ஆண்களில் 16.1 சதவீதமும் பெண்களில் 43.8 சதவீதமும் மூன்றிலும் இல்லை என்றது. அது கொரோனாக் காலத்தில் நடந்த ஆய்வு என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், ஆண், பெண்ணைச் சேர்த்து ஒரே எண்ணாக்கிவிட்டால் இந்தப் பெரிய பள்ளம் கண்ணில் படாமலே போய்விடும். எப்போதும் பிரித்தே எழுதுங்கள்.

கீழக்கரை, தொண்டி மாதிரி ஊர்களில் இன்னொன்றும் உண்டு. சபர், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போய் வளைகுடாவில் இருக்கும் பையன் வீட்டு ஆய்வில் வரமாட்டான். மேலேயும் இல்லை, அடியிலும் இல்லை. ஊரில் இருப்பவர்களை மட்டும் வைத்துத்தான் விகிதம் வரும்.

படி 6: மாவட்ட எண்

மாவட்டம், கிராமம் வரை இறங்குவது மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான். ஆனால் கையில் இருப்பது 2011. அடுத்ததற்குக் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. 2011 கணக்கெடுப்பில் 'வேலை' என்பது கடந்த ஓராண்டைப் பொறுத்தது. ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை செய்தவர் 'குறுகிய காலத் தொழிலாளர்'. பி.எல்.எஃப்.எஸ் 2025 ஜனவரியில்தான் மாவட்டத்தை அடிப்படை அலகாக வைத்து மாதிரி எடுக்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய மாநில எண்ணை ராமநாதபுரத்தின் எண் என்று எழுதிவிடாதீர்கள்.

எக்செல்லில் ஆறு கட்டம் போதும்: ஆய்வின் பெயர், ஆண்டு, வயது, எத்தனை நாள் கணக்கு, எதால் வகுத்தது, எந்த ஊர் வரை. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்த எண்ணை மனுவில் ஏற்றாதீர்கள். உங்கள் தெருவை நீங்களே எண்ணுவதாக இருந்தால் மே மாதம் ஒரு தடவை, ஜூலையில் ஒரு தடவை எண்ணுங்கள். "சும்மாதான் இருக்கா" என்று பதில் வந்தால், போன வாரம் பாசிக்குப் போனாளா என்று கட்டாயம் கேளுங்கள்.