பழைய அச்சுக் கண்ணாடிப் பூச்சாடியா? கவிழ்த்துப் பாருங்கள்

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் உருகிய கண்ணாடியை அச்சில் அழுத்திச் செய்த பூச்சாடி என்று யாராவது விலை சொன்னால், முதலில் டார்ச் அடித்து அடிப்பக்கத்தையும் உட்புறத்தையும் பாருங்கள். கொண்டையோடு குட்டி மயில் தலை புடைத்திருந்தால், அது கேட்ஸ்ஹெட் ஊர் சோவர்பி கம்பெனியின் முத்திரை. 1876இல் வந்தது. தேய்ந்து போயிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் தட்டுப்படும்.

பக்கத்தில் சாய்சதுரக் குறி (பிரிட்டனின் வடிவப் பதிவு முத்திரை) இருந்தால் வடிவம் 1842க்கும் 1883க்கும் இடையே பதிவானது. 1884 முதல் வெறும் பதிவு எண்தான். ஆனால் குறியோ எண்ணோ காட்டுவது வடிவம் பதிவான தேதியைத்தான். சாடியைப் பிறகும் வார்த்திருக்கலாம், விற்பவர் இதைச் சொல்லவே மாட்டார்! பக்கவாட்டில் அச்சு சேர்ந்த இடத்துக் கோட்டை மட்டும் காட்டிப் பழசு என்றால் நம்பாதீர்கள், புதுச் சாடியிலும் அது வரும்.