உப்புக்காத்து ஊர்ல காருக்கு பாலிஷ் போடுறது எப்படி

தனுஷ்கோடி அரிச்சல்முனை வரைக்கும் போயிட்டு வந்த வண்டியை காஞ்ச துணியால ஒரு இழு இழுத்துட்டு வெயில்ல நிறுத்திப் பாருங்க, பானட்ல சூரியன் விழுற இடத்தைச் சுத்தி சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கோடு தெரியும், அதுக்குத்தான் சுவர்ல் மார்க்னு பேரு. கறுப்பு, கருநீல வண்டின்னா கண்ணை உறுத்தும், வெள்ளை சில்வர்லயும் இருக்கும் ஆனா லேசுல தெரியாது. எல்லாம் நம்ம கை பண்ற வேலை. துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவுல கடல் மணல் மாட்டிக்கிட்டா வேற என்னாகும்.

பாலிஷ் இந்தக் கோட்டை அடைக்கும்னு நிறைய பேரு நெனச்சிட்டு இருக்காங்க. அது கோட்டைச் சுத்தி இருக்கிற பெயின்ட்டை இழைச்சு சமமாக்குது, அவ்வளவுதான். கலருக்கு மேல இருக்கிற நிறமில்லாத பூச்சு, கிளியர் கோட், பொதுவா 40, 50 மைக்ரான், அதாவது சுமாரா ஒரு மில்லிமீட்டர்ல இருபதுல ஒரு பங்கு. அதுதான் உள்ள இருக்கிற கலரை வெயில்ல இருந்து காப்பாத்துது, ஒவ்வொரு பாலிஷுக்கும் அதுல கொஞ்சம் போகும். அதனால வருஷத்துக்கு நாலு தடவை ரப்பிங் போடுறேன்னு யாராவது சொன்னா வண்டியைக் குடுக்காதீங்க.

முதல்ல கோட்டு மேல குறுக்கால நகத்தை ஓட்டுங்க. நகம் மாட்டுச்சுன்னா பாலிஷுக்கு வராது, டச்சப் பெயின்ட்தான். கோட்டுல தண்ணி தொட்டு வைங்க, மறைஞ்சா கிளியர் கோட்டோட நிக்குதுன்னு அர்த்தம், பெரும்பாலும் எடுத்துடலாம். உள்ரோட்டுல எதிர்ல பஸ் வந்து ஓரம் ஒதுங்கும்போது சீமைக்கருவேல முள்ளு கதவு நீளத்துக்கும் இழுத்துவிடும் பாருங்க, அதுல பாதிக்கு மேல இந்த ரகம்தான்.

இப்ப முக்கியமான வேலை, கழுவுறது. நம்ம கடற்கரைல பாதி நேரம் இதுக்கே போகணும், பாலிஷ் மிஷின் பெருசில்ல. கையே வைக்காம பைப்ல மேல இருந்து கீழ அடிச்சு விடுங்க, கண்ணாடி இடுக்கு, டிக்கி சந்து, லோகோ ஓரம், கதவு ரப்பர், வைப்பர் அடியில இருக்கிற ஜாலி, இங்கெல்லாம் மணல் ஒளிஞ்சிருக்கும், அதுல ஒண்ணு மிஷின்ல மாட்டுற பஞ்சு பேட்ல மாட்டுனா போதும், எடுக்க வந்த கோட்டை விட பெரிய கோடு விழும். அப்புறம் கார் ஷாம்பு, ஒரு பக்கெட்ல சோப்புத்தண்ணி, இன்னொண்ணுல கையுறையை அலசுற தண்ணி. போர்த்தண்ணி உப்பா இருக்கிற ஊர்ல கடைசி அலசலுக்கு மட்டும் காவிரித் தண்ணி வர்ற அன்னைக்கு ரெண்டு பக்கெட் பிடிச்சு வச்சுக்கங்க (வீட்ல திட்டு விழும், வாங்கிக்கங்க), காயறதுக்குள்ள துடைச்சிடணும். ஏற்கனவே வெள்ளை வெள்ளையா உப்புப் புள்ளி இருந்தா வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து ஒத்தி எடுத்து உடனே அலசுங்க.

கழுவியாச்சுன்னு நெனைக்கிறப்ப கைல ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டி பானட்டைத் தடவுங்க, சொரசொரன்னு இருந்தா கிளே பார் போடணும், பெயின்ட்ல ஒட்டியிருக்கிற அழுக்கை இழுத்து எடுக்கிற களிமண் மாதிரி கட்டி அது. ஷாம்புத்தண்ணி தாராளமா விட்டு அழுத்தாம தேய்க்கணும், அழுக்கான பக்கத்தை உள்ள மடிச்சு மடிச்சு. கிளே தரைல விழுந்துச்சா, தூக்கிப் போட்டுடுங்க, தொடச்சு மறுபடி யூஸ் பண்ண வேணாம்.

இடம் நிழலா, மூடுனதா இருக்கணும். ஆடிக்காத்து அடிக்கிற நேரத்துல வாசல்ல நின்னு பாலிஷ் போடுறது வீண் வேலை. ஷெட்ல தரையை நனைச்சு விட்டா தூசி எழும்பாது.

புதுசா கத்துக்கிறவங்க டிஏ (டூயல் ஆக்ஷன்) மிஷின் எடுங்க, பேட் சுத்திக்கிட்டே அசையவும் செய்யும். பெயின்ட் கடைல இருக்கிற ரோட்டரி ஒரே இடத்துல சுத்தி சூடாக்கிடும், கை பழகலன்னா ஓரத்துல பெயின்ட் போயிரும். கதவு கைப்பிடி குழில நகம் கீறுன கோடு மாதிரி சின்ன இடம்னா கையாலயே போடலாம். கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் எல்லாத்துக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க, பாடி லைன் மடிப்புலயும் ஒட்டுங்க, அங்க பெயின்ட் மெலிசு.

உடனே பூரா வண்டியும் ஆரம்பிக்காதீங்க. பானட்ல ஒன்றரை அடி சதுரம் மட்டும் எடுத்து மெல்லிய பாலிஷ், சாஃப்ட் பேட் வச்சு பாருங்க, போதலன்னாதான் இன்னும் முரடா இழைக்கிற கட்டிங் காம்பவுண்ட். பேட்ல பட்டாணி அளவு நாலு சொட்டு, மிஷின் போடாம ஒத்தி பரப்பிட்டு, ஸ்பீடு 1ல இழுவிட்டு, அப்புறம் 4 இல்லன்னா 5ல வச்சு வினாடிக்கு ஒரு இஞ்ச் கணக்குல மெதுவா, போன தடத்துல பாதி ஏறுற மாதிரி, நெடுக்க ஒரு தடவை குறுக்க ஒரு தடவைன்னு நாலு தொடக்கம் ஆறு நடை. நடுவுல புறங்கையை வச்சுப் பாருங்க, சுட்டா நிறுத்துங்க. பம்பர் பிளாஸ்டிக்ங்கிறதால சீக்கிரம் சூடேறும்.

துடைச்சதும் பளபளன்னு இருக்கும், ஏமாந்துடாதீங்க. பாலிஷ்ல இருக்கிற எண்ணெய் கோட்டுல நிறைஞ்சு மறைச்சு வச்சிருக்கும், ரெண்டு வாஷ்ல எல்லாம் திரும்ப வந்து நிக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல தண்ணி கலந்து தெளிச்சு துடைச்சிட்டு, லைட்டை அணைச்சு போன் டார்ச்சை சாய்ச்சு அடிச்சுப் பாருங்க, அப்ப தெரியுறதுதான் நிஜம். திருப்தியா இருந்தா அதே பேட், அதே பாலிஷ்ல மத்த இடத்துக்குப் போங்க, ஒவ்வொரு சதுரம் முடிஞ்சதும் பேட்டை பிரஷ் போட்டு தட்டணும்.

கடைசியா சீலன்ட், அதாவது பெயின்ட்டைக் காக்க மேல பூசுற செயற்கைப் பூச்சு. வேக்ஸ் போட்டா மினுக்கு நல்லாதான் இருக்கும் ஆனா நம்ம வெயிலுக்கு சீக்கிரம் போயிரும். மைக்ரோஃபைபர் துணியை துவைக்கும்போது வாசனைக்குன்னு சாஃப்ட்னர் ஊத்தாதீங்க, துணி தண்ணி குடிக்காது, மொட்டை மாடி கொடியில காயப்போடாம வீட்டுக்குள்ளயே போடுங்க, காத்துல வர்ற மணல் நேரா அதுலதான் வந்து உக்காரும்.