பழைய நிலப்படச் சேகரிப்பு: ஒரு புவியியல் பிழையைப் பின்தொடரும் முறை

அலங்கார வேலைப்பாடு மிகுந்த பழைய நிலப்படங்களைச் சேகரிக்கப் புதிதாக வருபவர்கள், கண்ணைக் கவர்ந்தவற்றையெல்லாம் வாங்கத் தொடங்கிச் சீக்கிரமே திசை தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். ஏதேனும் ஒரு புவியியல் பிழையைத் தேர்ந்தெடுத்து, அது தோன்றிய காலம் முதல் மறைந்த காலம் வரையிலான படங்களைத் தேடுவதே தொடக்கநிலைக்குச் சிறந்த வழி என்பது என் உறுதியான கருத்து.

எனவே முதல் படி, பிழையைத் தேர்வது. மிகவும் புகழ்பெற்றது, கலிபோர்னியாவைத் தீவாகக் காட்டும் பிழை. 16ஆம் நூற்றாண்டின் நிலப்பட வரைஞர் ஓர்ட்டேலியஸ் அதைத் தீபகற்பமாகச் சரியாகவே வரைந்திருக்க, 1620களிலிருந்து வந்த படங்கள்தாம் அதைக் கண்டத்திலிருந்து பிரித்தன என்பது, அறிவு எப்போதும் முன்னோக்கியே செல்வதில்லை என்பதற்கு அருமையான சான்று. யூசேபியோ கீனோ என்ற பாதிரியார் நேரில் பயணம் செய்து வரைந்த படம் 1705இல் வெளியான பின்னரும் தீவுப் படங்கள் அச்சாகிக்கொண்டே இருந்தன. 1747இல் ஸ்பெயின் மன்னர் ஆறாம் பெர்டினாண்டு அது தீவன்று என்று ஆணையே பிறப்பிக்க நேர்ந்தது. இவற்றின் விலை அதிகம் என்பதால், ஆங்கிலேயப் புவியியலாளர் ஜேம்ஸ் ரென்னலின் 1798ஆம் ஆண்டுப் படத்திலிருந்து பரவி, 1880களின் இறுதியில் பிரெஞ்சுப் பயணி பென்ஷே மறுக்கும் வரை மேற்கு ஆப்பிரிக்காவில் நீண்டு கிடந்த, உண்மையில் இல்லாத 'காங்' மலைத்தொடரையும் கருதிப்பாருங்கள். 19ஆம் நூற்றாண்டு அட்லஸ்கள் பலவற்றில் அது இடம்பெற்றிருக்கிறது.

அடுத்து, அச்சைச் சோதியுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் படம் நுண்புள்ளிகளின் வலைப்பின்னலாகத் தெரிந்தால், அது புகைப்பட முறையில் எடுத்த பிற்கால நகல். செப்புத்தகட்டு அச்சில் கோடுகள் தெளிவாகவும் சற்றே மேடாகவும் இருக்கும். ஈரத்தாளில் தகட்டை அழுத்தியதால் படத்தைச் சுற்றி ஒரு பள்ளக்கோடும் பதிந்திருக்கும். கல்லின்மேல் வரைந்து அச்சிடும் கல்லச்சில் இந்தத் தடம் இராது. பள்ளக்கோட்டைப் போலியாகவும் உருவாக்க முடியும் என்பதால் அதை மட்டும் நம்பாமல், தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, தாளுக்குள் பதிந்த அடையாளமான நீர்க்குறியையும், கையால் தாள் செய்யும் சட்டத்தின் கம்பிக்கோடுகளையும் பாருங்கள். நடு மடிப்பு குறையன்று. அட்லஸிலிருந்து வந்த படத்துக்கு அது இயல்பு.

வண்ணத்தைப் பார்க்கத் தாளைத் திருப்ப வேண்டும். செம்பு கலந்த பழைய பச்சை நிறம் காலப்போக்கில் தாளை அரித்துப் பின்புறத்தில் பழுப்பாக ஊடுருவியிருந்தால், அச்சான காலத்திலேயே வண்ணம் தீட்டியிருக்க வாய்ப்பு மிகுதி.

பிழையை மட்டும் வைத்து ஆண்டைக் கணிக்காதீர்கள். தகடுகள் கைமாறிப் பல ஆண்டுகள் பயன்பட்டன. 1629இல் நிலப்படப் பதிப்பாளர்களான ஹோண்டியஸ் குடும்பத்தின் தகடுகளை வாங்கிய டச்சுப் பதிப்பாளர் பிளாவ், அவற்றில் தன் பெயரைப் பொறித்து வெளியிட்டார். ஆகவே பதிப்பாளர் பெயரையும், பின்புறத்தில் உரை இருந்தால் அதன் மொழியையும், அட்லஸ் பதிப்புகளின் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

வாங்கியதை அமிலமற்ற அட்டைக்குள் வையுங்கள். ஒட்டுநாடாவும் லேமினேஷனும் கூடவே கூடாது. சுவரில் மாட்டுவதானால், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியிட்டு, நேரடி வெயில் படாத இடத்தில் மாட்டுங்கள்.