மொட்டை போடும் முன் கவர் போட்டோ எடுத்துவிடுங்கள்

திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் டிசைனராக இருக்கிறேன். மார்ச் பிறந்தால் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கும் பிள்ளைகள் பென் டிரைவோடு வந்து நிற்பார்கள். "அக்கா, நாளைக்குக் காலையில சப்மிஷன்." மியூசிக் வீடியோ ஒன்று, அதே பாட்டுக்கு சிடி கவர் ஒன்று, இரண்டும் சேர்ந்ததுதான் புராஜெக்ட். வீடியோவுக்கு மூன்று மாதம் அலைந்திருப்பார்கள். கவருக்குக் கிடைப்பது ஒரே ராத்திரி.

போன வருடம் என் அக்கா மகனும் இதையே செய்தான். "கவர்தானே சித்தி, கடைசியில பாத்துக்கலாம்" என்றவன், கடைசியில் வீடியோவிலிருந்து ஒரு ஃப்ரேமை உருவிக்கொண்டு வந்தான். 1920க்கு 1080 பிக்சல். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 1080ஐ 300ஆல் வகுத்தால் 3.6 அங்குலம், அதாவது 9.1 சென்டிமீட்டர். சிடி கவரின் உயரமோ 12.5. வெட்டில் போகும் ஓரத்தையும் சேர்த்தால் 13.1. 4கேயில் எடுத்திருந்தால் அளவு போதும்; ஆனால் ஓடும் காட்சியிலிருந்து எடுத்த ஃப்ரேமில் கையும் தலையும் இழுபட்டு மங்கித்தான் இருக்கும்.

சரி, பாடுகிற பையனைக் கூப்பிடு, நம் மாடியிலேயே நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்துவிடலாம் என்றேன். வந்தான். முந்தின வாரம்தான் திருப்பதி போய் மொட்டை போட்டிருந்தான். வீடியோவில் தோள் வரை முடி.

அதற்கப்புறம் யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: ஷூட்டுக்குப் போகும்போதே கவர் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பாட்டு. சினிமாப் பாட்டைத் தொடாதீர்கள். ஒரு பாட்டில் வரிகளுக்கும் மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனியே உரிமை உண்டு. கவிஞர் இறந்து 60 ஆண்டு கடந்துவிட்டால் நம் சட்டப்படி வரிகள் பொதுச்சொத்து. ஆனால் அதே வரிகளுக்கு நேற்று ஒருவர் போட்ட மெட்டு அவருடையது. வகுப்பில் கிட்டார் வைத்துக்கொண்டு திரியும் பையன் எவனாவது இருப்பான், அவன் சொந்தப் பாட்டை வாங்குங்கள். ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்தும் வாங்குங்கள். இன்றைக்கு நண்பன்தான், நாளைக்கு எப்படியோ.

அக்கா மகனும் நண்பர்களும் எடுத்த பாட்டு தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதைப் பற்றியது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்தபோது இவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஆளுக்கொரு குடத்தோடு வரிசையில் நின்றவர்கள். அந்த நினைவில் எழுதிய பாட்டு. இப்படி ஒரு பாட்டு கையில் கிடைத்ததும் அதில் வரும் ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே அது பிளாஸ்டிக் குடம். பொருள் முடிவானால் வீடியோ பாதி முடிந்தது, கவர் முக்கால்வாசி முடிந்தது. "சோகம்", "தனிமை" என்று எழுதிக்கொண்டு வருகிறவர்களுக்குக் கடைசி வரை என்ன எடுப்பதென்றே தெரியாது.

அப்புறம் ஒரு சார்ட் பேப்பர் வாங்கிக் கட்டம் போடுங்கள். இந்தப் பாட்டு நிமிடத்துக்கு 96 தாளம். நான்கு தாளம் சேர்ந்த ஒரு சுற்றுக்கு இரண்டரை விநாடி. பாட்டின் நீளம் 3 நிமிடம் 20 விநாடி. ஆக 80 சுற்று, 80 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நேரத்தில் திரையில் என்ன தெரியும் என்று பென்சிலால் எழுதுங்கள். கட்டத்துக்கு ஒரு ஷாட் வேண்டும் என்றில்லை, ஒரே ஷாட் நான்கு கட்டத்துக்கு நீளலாம். காலியாக நிற்கும் கட்டங்கள்தான் முக்கியம். அங்கே காட்ட எதுவும் இல்லை என்பது எடிட்டிங் மேசையில் தெரிவதைவிட இப்போதே தெரிவது நல்லது. அதே சார்ட்டின் அடியில் நான்கு சதுரம் வரையுங்கள்: முன் அட்டை, பின் அட்டை, உள்பக்கம், தட்டு (சிடியின் மேல்முகம்). இவற்றுக்கான போட்டோ எந்த இடத்தில் எத்தனை மணிக்கு என்பதையும் அங்கேயே எழுதுங்கள்.

இடம் பெரிதாகத் தேட வேண்டாம். மெரினாவில் அனுமதிக்கு அலைந்து, கூட்டத்தோடு மல்லாடி, உப்புக்காற்றில் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருப்பீர்கள். ரயில் நிலையம், மெட்ரோ என்றால் அனுமதி இல்லாமல் கேமராவை வெளியே எடுக்கவே கூடாது. உங்கள் தெருவே போதும். கல்லூரி லெட்டர்பேடில் ஒரு கடிதம் வாங்கி உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனில் கொடுங்கள், தெருவில் எல்லா வீட்டிலும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். எங்கள் பையன்கள் 32 குடம் இரவல் வாங்கினார்கள். எல்லாவற்றிலும் பெயின்டில் இனிஷியல் எழுதியிருந்தது. அப்படியும் மூன்று குடம் வீடு மாறிப் போய்விட்டது. இன்னும் பேச்சு நிற்கவில்லை.

சென்னையில் கடல் கிழக்கே. தெரு கடலைப் பார்த்து நீண்டிருந்தால் காலை வெயில் நேராக உள்ளே பாயும். வடக்கு தெற்கான தெருவில் மாடிகளுக்கு மேல் வெயில் ஏறி வர நேரமாகும், அதுவரை மெல்லிய வெளிச்சம்தான், முகத்துக்கு நல்லது. ஜனவரியில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் உதிக்கும். ஆறு மணிக்கே எல்லாம் தயாராக இருந்தால் எட்டரை வரை எடுக்கலாம். போனில் எடுத்தாலும் விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 என்று வைத்துவிடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போன் தானாக எடுத்துக்கொள்ளும் 30 ஃப்ரேமில் தெருவிளக்கும் டியூப்லைட்டும் துடிக்க வாய்ப்பு உண்டு.

எங்கள் பையன்களுக்குப் பெயர் வாங்கித் தந்த வித்தை ஒன்று இருக்கிறது. பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, பாடகனை அந்த வேகத்துக்கே வாயசைக்கச் சொல்லி, 50 ஃப்ரேமில் எடுத்தார்கள். எடிட்டிங்கில் அதை 25 ஃப்ரேமாக ஓட்டினால் உதடு பாட்டோடு பொருந்தும். பின்னால் கொட்டும் தண்ணீர் மட்டும் மெதுவாக விழும். எடுக்கும்போது பார்க்க ஒரே சிரிப்பு.

அந்த எட்டரைக்குள் அரை மணி நேரம் கவருக்கு என்று ஒதுக்குங்கள். எல்லாரும் களைத்த பிறகு அல்ல, நடுவில். படம் சதுரமாகப் போகும் என்று நினைத்தே எடுங்கள், எழுத்துக்கு மேலேயோ கீழேயோ வெற்றிடம் விடுங்கள். மொட்டைத்தலைக் கலவரத்துக்குப் பிறகு நாங்கள் செய்தது என்ன தெரியுமா? குடங்களை மறுபடி இரவல் வாங்கி, தெருவில் நெருக்கி அடுக்கி, முதல் மாடி பால்கனியிலிருந்து நேர் கீழே எடுத்தோம். வட்டம் வட்டமாகப் பச்சை, நீலம், ரோஸ். தட்டுக்கு ஒரே ஒரு குடம், மேலிருந்து. சிடியின் நடு ஓட்டை 15 மில்லிமீட்டர். அது சரியாகக் குடத்தின் வாய்க்குள் விழுந்தது. முதல் நாளே தோன்றியிருக்க வேண்டியது.

இனி என் மேசைக்கு வாருங்கள். மூன்று மடிப்பு அட்டையில் ஒரு பக்கம் 140க்கு 125 மில்லிமீட்டர். விரித்தால் மூன்று பக்கமும் அவற்றுக்கு நடுவே வரும் இரண்டு முதுகும் (மெல்லிய பட்டை) சேர்ந்து, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெட்டு ஓரத்தோடு, 12க்கு 18 அங்குல டிஜிட்டல் ஷீட்டில் இரண்டு கவர் அடங்கும். பத்து காப்பிக்கு ஐந்து ஷீட் போதும். இதற்கு ஆஃப்செட் (பிளேட் செய்து அடிக்கும் அச்சு) கேட்காதீர்கள், நான்கு பிளேட் காசு வீண். உள்ளே மடியும் பக்கத்தை 2 மில்லிமீட்டர் குறைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் மூடும்போது முட்டிக்கொண்டு நிற்கும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டை, மேட் லேமினேஷன், மடிக்கும் இடத்தில் முன்னாலேயே கோடு அழுத்தும் கிரீசிங் மூன்றும் கட்டாயம். லேமினேஷன் இல்லாமல் கருப்பாக அச்சடித்த அட்டையை மடித்தால் மடிப்பில் வெள்ளைக் கோடு விழும்.

நிறத்தில் ஏமாறுவீர்கள். குடத்தின் அந்தப் பளீர் ரோஸும் கிளிப்பச்சையும் திரையில்தான். நான்கு மையில் அது வராது, மேட் லேமினேஷன் இன்னும் கொஞ்சம் மங்க வைக்கும். ஃபைலை சிஎம்ஒய்கே-க்கு (அந்த நான்கு மையின் கணக்குக்கு) மாற்றிப் பார்த்துவிட்டு, சுற்றியுள்ள தரையை இருட்டாக்குங்கள். குடம் தானாக எடுப்பாகத் தெரியும்.

எல்லாவற்றையும்விட அதிகம் அழ வைப்பது தமிழ் எழுத்து. உங்கள் லேப்டாப்பில் "கொ" அழகாக இருக்கும். இங்கே திறந்தால் எழுத்து முன்னால் அநாதையாக, கொம்பும் காலும் அதற்குப் பின்னால் தனியாக. பழைய சாஃப்ட்வேர்களுக்கு யூனிகோட் தமிழைச் சேர்த்துக் காட்டத் தெரியாது. அதனால்தான் பிரஸ்ஸில் நுழைந்ததும் "கர்வ் போட்டாச்சா?" என்று கேட்கிறோம். எழுத்தை எல்லாம் வடிவமாக மாற்றி ஒரு பிடிஎஃப், திருத்துவதற்கு மாற்றாத ஃபைல் ஒன்று, இரண்டையும் கொண்டு வாருங்கள். சின்ன எழுத்துகளுக்கு வெறும் கருப்பு மை மட்டும் கொடுங்கள். நான்கு மையும் கலந்த கருப்பு அரை மில்லி நகர்ந்தாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும்.

பொய் பார்கோடு வேண்டாம், யாரும் ஏமாற மாட்டார்கள். அதற்குப் பதில் வீடியோவுக்கு ஒரு க்யூஆர் கோடு போடுங்கள். சிடியைப் போட்டுக் கேட்க இப்போது எத்தனை வீட்டில் பிளேயர் இருக்கிறது? இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை விட்டு.

வருவதற்கு முன் ஜெராக்ஸ் கடையில் சாதாரணத் தாளில் முன்னும் பின்னும் ஒரு பிரிண்ட் எடுத்து, வெட்டி, மடித்து, உள்ளே ஒரு பழைய சிடியை வைத்துப் பாருங்கள். உள்பக்கம் தலைகீழாக வந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். அந்த டம்மியையும் கையோடு எடுத்து வாருங்கள், எந்தப் பக்கம் எங்கே மடிகிறது என்று கட்டிங் அண்ணனுக்கு நான் வாயால் விளக்க வேண்டியதில்லை.