கல்லூரிச் சுவரில் முதல் போஸ்டர்: அனுமதி கேட்பதிலிருந்து கழற்றுவது வரை

கோவையிலிருந்து பொள்ளாச்சிக்கோ சத்தியமங்கலத்துக்கோ பஸ் ஏறினால் வழியில் வரும் கல்லூரி வாசல்களை எண்ணி மாளாது. அத்தனை வளாகங்களிலும் அறிவிப்புப் பலகை இருக்கிறது. தேர்வு அட்டவணை, கட்டணம் கட்டக் கடைசி நாள், வேலைவாய்ப்பு முகாம் என்று பலகை நிறைந்திருக்கும். மாணவர் ஒருவர் தானே எழுதி ஒட்டிய தாள் மட்டும் அபூர்வம். தடை இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் யாரிடம் கேட்பது என்று தெரியாமலேயே பலர் விட்டுவிடுகிறார்கள்.

இந்த விளக்கம் முதன்முறை ஒட்டப்போகிறவர்களுக்கு. வாசகர் வட்டக் கூட்டம், ரத்ததான முகாம், விடுதித் தண்ணீர்ப் பிரச்சினை, கட்டண உயர்வுக்கு எதிர்ப்பு என எதுவானாலும் போகும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

தொடங்கும் முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். எங்கே ஒட்டுகிறீர்கள், எத்தனை நாளுக்கு, என்ன அளவு, எதைக் கொண்டு ஒட்டுகிறீர்கள் என்று நிர்வாகம் கேட்கலாம். இந்தக் கேள்விகளுக்கு மல்லுக்கட்ட வேண்டாம். சுவர் அவர்களுடையது, வெள்ளையடிக்கும் செலவும் அவர்களுடையது. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது வேறு வகைக் கேள்வி. அதற்காகத் தடுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வளாகத்தில் வரும் சண்டைகளில் பாதி இந்த இரண்டையும் குழப்புவதால் வருகிறது. சுவர் பாழாகிறது என்று சொல்லிக் கருத்தைத் தடுப்பார்கள். நாமோ கருத்துரிமை என்று சொல்லிக்கொண்டு நேற்று வண்ணமடித்த சுவரில் மைதா பசையைப் பூசிவிட்டு வருவோம்.

படி 1: உங்கள் கல்லூரி எந்த வகை?

அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமை முதன்மையாக அரசை நோக்கியது. அரசுக் கலைக் கல்லூரியும் அரசுப் பல்கலைக்கழகமும் அரசு என்ற வரையறைக்குள் வருகின்றன. சுயநிதிக் கல்லூரியில் நிலைமை அவ்வளவு நேரானது அல்ல. 19, 21 ஆகிய பிரிவுகளின் உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் கோரலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2023 ஜனவரியில் பெரும்பான்மைத் தீர்ப்பில் சொன்னது உண்மைதான். ஆனாலும் சேர்க்கையின்போது நீங்கள் கையெழுத்திட்ட உறுதிமொழியும் கல்லூரிக் கையேடும்தான் அங்கே முதலில் எடுத்து வைக்கப்படும்.

இணையத்தில் தேடினால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விதிகள்தான் முதலில் வந்து நிற்கும். அவர்களுடைய அரசியல் சாசனத்தில் பேச்சுரிமையைக் காக்கும் முதல் திருத்தம் அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களைக் கட்டுப்படுத்துகிறது. படித்துப் பார்க்கலாம், சுவையாகவே இருக்கும். அதை அச்செடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போய்விடாதீர்கள்.

படி 2: விதியைக் கையில் வாங்குங்கள்

"இங்கே அதெல்லாம் ஒட்டக் கூடாது" என்று காவலாளி சொல்வது விதி ஆகாது. சீனியர் அண்ணன் சொல்வதும் விதி ஆகாது. கல்லூரிக் கையேட்டைப் புரட்டுங்கள். ஒழுங்கு விதிகள் என்ற தலைப்பில் இரண்டு வரியாவது இருக்கும். அதில் இல்லையென்றால் மாணவர் நலப் பொறுப்பாசிரியரிடம் சுற்றறிக்கை ஏதாவது உண்டா என்று கேளுங்கள்.

அரசுக் கல்லூரியாக இருந்து, கேட்டும் தராவிட்டால், தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அரசிடமிருந்து கணிசமான நிதி பெறும் கல்லூரிகளும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்திருக்கிறது. விடுதி மெஸ் சண்டைக்கெல்லாம் முதல் நாளே இதை எடுக்க வேண்டாம். சிரித்த முகத்துடன் இருமுறை கேட்டுப் பார்த்த பிறகு எடுங்கள்.

படி 3: வாசகம்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். பேச்சுரிமைக்கு அரசு வரம்பு விதிக்கக்கூடிய காரணங்களை 19(2) பிரிவு பட்டியலிடுகிறது: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். அவ்வளவுதான். "கல்லூரியின் பெயர் கெட்டுவிடும்" என்பது இந்தப் பட்டியலில் இல்லை. அடிக்கடி சொல்லப்படும் காரணம் அதுதான் என்பது வேறு விஷயம்.

மாணவர் போஸ்டர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அவதூறில்தான். ஓர் எடுத்துக்காட்டு. விடுதியில் மெஸ் கட்டணம் ஏறிவிட்டது, சாப்பாடு தேறவில்லை. கோபத்தில் முதலில் வரும் வரி இப்படி இருக்கும்:

"மெஸ் பணத்தைத் தின்ற வார்டனே, பதவி விலகு!"

இதில் ஒரு குறிப்பிட்ட ஆள் திருடினார் என்று சொல்லியாகிவிட்டது. கையில் ஆதாரம் இல்லையென்றால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறைக் குற்றமாக்கும் 356ஆவது பிரிவு நினைவுக்கு வர வேண்டும். அதே கோபத்தை இப்படி எழுதலாம்:

"மெஸ் கட்டணம் உயர்ந்தது ஏன்? மூன்று மாத வரவுசெலவுக் கணக்கைப் பலகையில் ஒட்டுங்கள். விடுதி மாணவர் கூட்டம், வியாழன் மாலை 5 மணி, நூலக வாசல்."

இரண்டாவதில் யாரையும் திட்டவில்லை. ஆனால் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி இருக்கிறது, நாளும் இடமும் இருக்கின்றன. என் கணக்கில் இதுதான் கடுமையான போஸ்டர்.

மதம், சாதி, மொழியின் பெயரால் பகை வளர்ப்பது அதே சட்டத்தின் 196ஆவது பிரிவில் குற்றம். சாதிப் பெருமை பேசும் போஸ்டருக்கு வழி கேட்டு வருகிறவர்கள் வேறு எங்காவது போகலாம்.

அதேவேளை, யாரோ நான்கு பேர் புண்படுவார்கள் என்பதற்காகவே கருத்தை மூடிவைக்க வேண்டியதில்லை. இதில் நம் வட்டாரத்துக்கே ஒரு தீர்ப்பு உண்டு. திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட ஒரு நாவலுக்கு எதிராகக் கடையடைப்பும் மிரட்டலும் நடந்தன. நாமக்கல் அரசுக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராக இருந்த அதன் எழுத்தாளர் எழுத்தையே விடுவதாக அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பிடிக்காத புத்தகத்தைப் படிக்கும்படி யாரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பது அதன் சாரம். போராட்டம் நடக்கும், கலவரம் வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்தை அடக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே, இடஒதுக்கீட்டைப் பற்றிய ஒரு தமிழ்த் திரைப்படம் குறித்த வழக்கில் சொல்லியிருந்தது.

போஸ்டரின் அடியில் யார் வெளியிடுகிறார்கள் என்று எழுதுங்கள். பெயரில்லாத தாளைக் கிழிப்பவருக்குக் கை கூசாது.

படி 4: விண்ணப்பம்

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. மாதிரி இதோ:

அனுப்புநர்: (பெயர், பதிவெண், துறை, ஆண்டு)
பெறுநர்: முதல்வர் அவர்கள்
வழி: துறைத்தலைவர் அவர்கள்
பொருள்: வாசகர் வட்டக் கூட்ட அறிவிப்பு ஒட்ட அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,
எங்கள் வாசகர் வட்டத்தின் கூட்டம் ஜூலை 12 மாலை 4 மணிக்கு நடைபெற உள்ளது. இதற்கான அறிவிப்பை ஏ3 அளவில் நான்கு தாள்களாக முதன்மைக் கட்டடம், நூலகம், உணவகம், விடுதி ஆகிய இடங்களின் பலகைகளில் ஜூலை 8 முதல் 12 வரை ஒட்ட அனுமதி வேண்டுகிறேன். ஜூலை 13 காலை நாங்களே அகற்றிவிடுவோம். தாளின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.

இதில் வேலை செய்வது கடைசி இரண்டு வரிகள்தான். அகற்றும் தேதியை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால், மறுப்பதற்கு இருக்கும் எளிய காரணம் ஒன்று போய்விடுகிறது.

துறைத்தலைவரின் கையெழுத்து வாங்கியபின் அலுவலகத்தில் தபால் பார்ப்பவரிடம் கொடுங்கள். "வைத்துவிட்டுப் போ கண்ணு, பார்க்கிறோம்" என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். போய்விடாதீர்கள். கையில் இரண்டாவது பிரதியை நீட்டி, "இதில் ஒரு சீலும் தேதியும் மட்டும் போட்டுக் கொடுங்கள் அக்கா" என்று கேளுங்கள். அந்த ஊதா முத்திரைதான் நீங்கள் கேட்டீர்கள் என்பதற்கு ஒரே சாட்சி.

அனுமதி வந்ததும், ஒட்டப்போகும் ஒவ்வொரு தாளின் மூலையிலும் கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரையுள்ள தாளைக் கழற்றக் காவலாளி தயங்குவார். அவருக்கும் அது நிம்மதி.

படி 5: தாளும் பசையும்

சார்ட் அட்டையில் கையால் எழுதுவது போதும். தலைப்பு பத்தடி தூரத்திலிருந்து தெரிய வேண்டும். பலகையில் குண்டூசி, சுவரென்றால் காகித டேப். இருபக்க டேப்பை வண்ணச் சுவரில் ஒட்டாதீர்கள். கழற்றும்போது வண்ணத்தையும் உரித்துக்கொண்டு வரும், அடுத்த முறை அனுமதி கேட்கும் யாருக்கும் கதவு மூடிவிடும். மரத்தில் ஆணி அடிப்பதும், மின்கம்பத்திலோ டிரான்ஸ்ஃபார்மர் வேலியிலோ கட்டுவதும் கூடவே கூடாது.

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, கோவைப் பக்கம் எதையும் விட்டுவைக்காது. அந்த மாதங்களில் நான்கு மூலை போதாது, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு குண்டூசி வேண்டும். திறந்த வெளியைவிட வராந்தாவின் உட்சுவர் நல்லது.

பேனர் வேண்டுமென்றால் துணியில் எழுதுங்கள். 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனர்கள் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டவை. திருப்பூர் பக்கத்தில் இருக்கும்போது துணிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கும் என்ன பஞ்சம்?

வாசலுக்கு வெளியே

கல்லூரி வாசலைத் தாண்டினால் முதல்வரின் அனுமதிக்கு மதிப்பில்லை. வெளிச்சுவர்களுக்குத் தமிழ்நாடு திறந்தவெளி இடங்கள் (உருக்குலைத்தல் தடுப்பு) சட்டம் 1959 இருக்கிறது. சாலையோரம் பேனர் வைக்க உள்ளாட்சி அமைப்பின் அனுமதி வேண்டும். கூட்டமோ ஆர்ப்பாட்டமோ என்றால் காவல்துறையிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். கோவை, திருப்பூர், சேலம் மாநகரங்களில் காவல் ஆணையர் அலுவலகம், மற்ற ஊர்களில் அந்தந்தக் காவல் நிலையத்தில் தொடங்கலாம். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது.

சாலையில் வைக்கும் பேனரை விளையாட்டாக நினைக்கிறவர்கள் 2017 நவம்பரை மறந்திருக்க மாட்டார்கள். அவிநாசி சாலையில், விழாவுக்காகக் கட்டிய அலங்கார வளைவை ஒட்டி நடந்த விபத்தில் ஓர் இளம் பொறியாளர் இறந்தார். அவரைக் கொன்றது யார் என்ற கேள்வியை யாரோ அதே சாலையின் மேல் பெரிய எழுத்துகளில் எழுதிவைத்தார்கள். அனுமதி வாங்கி எழுதியதாகத் தெரியவில்லை. தேசமே படித்தது.

மாணவர் தேர்தல் நேரம்

நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் தேர்தல் என்பதே இல்லை, நியமனம்தான். நடக்கும் இடங்களில், மாணவர் தேர்தலுக்கென்று விதிகளைப் பரிந்துரைத்த லிங்டோ குழுவின் விதிகள் பொருந்தும். உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று அவற்றை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. அச்சடித்த போஸ்டரும் துண்டறிக்கையும் கூடாது, கையால் செய்த போஸ்டர் மட்டும். அதையும் முன்கூட்டி அறிவித்த இடங்களில்தான் ஒட்டலாம். ஒரு வேட்பாளரின் செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. பணமுள்ள வீட்டுப் பிள்ளையும் பஸ் பாஸில் வருகிற பிள்ளையும் ஒரே சார்ட் அட்டையோடு நிற்க வேண்டும் என்ற ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

மறுத்தால்

மறுப்பு பெரும்பாலும் வாய்மொழியாகத்தான் வரும். வாதாடாமல் வெளியே வந்து, அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இன்று காலை என் விண்ணப்பம் மறுக்கப்பட்டதாகத் தெரிவித்தீர்கள். காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்." அளவும் இடமும்தான் காரணமென்றால் மாற்றிக்கொண்டு மறுபடி கொடுங்கள். வாசகம்தான் காரணமென்றால், எந்த வரி, எந்த விதி என்று கேளுங்கள். சில நேரம் இந்தக் கேள்விக்கே அனுமதி வந்துவிடும், ஏனென்றால் எழுதிக் கையெழுத்துப் போட யாருக்கும் விருப்பமிருக்காது.

அதற்கும் அசையாவிட்டால் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். புகார் பெற்ற 15 வேலை நாட்களுக்குள் அது அறிக்கை தர வேண்டும். முடிவில் திருப்தியில்லையென்றால் 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். போஸ்டர் தகராறு இந்தக் குழுவின் வரம்புக்குள் வராது என்று யாராவது சொன்னால், அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கூட்டத் தேதி அதற்குள் முடிந்துபோகலாம். போனால் போகட்டும், அடுத்த கூட்டத்துக்கு வழி திறந்திருக்கும்.

கழற்றுவது

சொன்ன தேதியில் சொன்னபடி கழற்றுங்கள். குண்டூசிகளை எண்ணி எடுங்கள், டேப் பிசினை ஈரத்துணியால் துடையுங்கள், வெறுமையான பலகையைப் படமெடுத்து உங்கள் விண்ணப்ப நகலோடு ஒரே கோப்பில் வையுங்கள். அடுத்த விண்ணப்பத்தில் "சென்ற முறை குறித்த தேதியில் அகற்றினோம், படம் இணைப்பு" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.